இருநூற்றுப் பதினாலாம் நம்பர் விளக்கு

“உங்க வீட்டுக்காரர் காணாமப் போகலம்மா. இன்னிக்குக் காலையில ஆறு மணிக்குக்கூட வேலைக்கு வந்திருக்கார்” என்று எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு, நிலக்கரிச் சுரங்கத்தின் மேனேஜர் சிரித்தார்.

சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பா அது? பல் வைத்தியருக்கு முழுத் தொகையும் கட்டியாயிற்று, ஒன்று விடாமல் காட்டியே தீருவேன் என்கிற சிரிப்பு. அண்ணிக்கு அந்த நிமிஷமே ஆளைப் பிடிக்காமல் போயிற்று. மனிதர்களைப் பிடிக்காமல் போவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் பொதுவாக ஐந்து நிமிஷமாவது அவகாசம் கொடுப்பாள்.

அண்ணி என்று அவளைக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான், அவள் கணவனின் தம்பி. மற்றவர்களுக்கு அவள் ‘பூதக்கண்ணாடி’. இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து அடுத்தவர்களின் பொய்களைக் காகிதத்தில் படித்து அலுத்துப்போய், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராஜினாமா எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவள். இப்போது அதே பொய்களை நேரில் போய்ப் பார்க்கிறாள். அதற்குத் துப்பறிதல் என்று பெயர். கொழுந்தன் அவளுக்கு உதவியாளன், டாக்ஸி டிரைவர், சமயத்தில் தலைவலி. நாற்பத்தைந்து வயதுக்குள் அவன் செய்யாத தொழிலில்லை, உருப்பட்ட தொழிலும் இல்லை. வாய் மட்டும் லீவே போடாது.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் முட்டுக்காரரின் மனைவி. சுரங்கத்துக்குள் கூரை இடிந்து விழாமல் மரத்தையும் இரும்பையும் நிறுத்தி முட்டுக் கொடுக்கிறவர் அவள் கணவர். அவரை அவள் கண்ணால் பார்த்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. டபுள் ஷிப்டு, விடுதியிலேயே தங்கிக்கொள்கிறார் என்றார்கள். விடுதிக்குப் போனால், இப்போதுதான் கீழே இறங்கினார் என்றார்கள். போலீசுக்குப் போனாள். ஒழுங்காக வேலைக்கு வருகிற ஆளைக் காணோம் என்று எப்படியம்மா எழுதுவது என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில், காதில் கிடந்ததை அடகு வைத்து அண்ணியிடம் வந்து நின்றாள்.

“பாருங்க மேடம். ஒரு நாள்கூட லீவு இல்லை” என்று மேனேஜர் வருகைப் பதிவேட்டை நகர்த்தினார்.

அதைக் கொண்டுவந்தது டைம் ஆபீஸ் குமாஸ்தா. முட்டுக்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். தங்கையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்ததும் அவர்தான், விடுதி வாசலில் நின்றதும் அவர்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குனிந்து பக்கத்தைத் திருப்பியபோது அவரிடமிருந்து தைல வாசனை மூக்கைத் துளைத்தது.

“தலைவலியா?” என்றாள் அண்ணி.

“ஆமாங்க. தங்கச்சி அழறதைப் பார்த்துப் பார்த்து மண்டை பிளக்குது.” அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஷிப்டு முடியற நேரம். எனக்கு டைம் ஆபீஸ்ல வேலை கிடக்கு. நான் வரட்டுமா பாப்பா?”

அவர் போனதும் கொழுந்தன் ஏட்டை எட்டிப் பார்த்தான். “பத்தொன்பது நாளும் ஆறு மணிக்கு ‘டாண்’ணு வந்திருக்காரு அண்ணி. ஒரு தும்மல், ஒரு வயித்துவலி, ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒண்ணுமே கிடையாது. எங்க வீட்டுச் சுவர்க்கடிகாரம்கூட வாரத்துக்கு ஒருநாள் நின்னு மூச்சு வாங்கும்.”

“இது கிழக்கு வட்டாரம் சார்” என்றார் மேனேஜர். சுவரில் தொங்கிய கேடயத்தைக் காட்டினார். “ஆறு வருஷமா இங்க ஒரு விபத்து கிடையாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் மேற்கு வட்டாரம். அதே நிலக்கரி, அதே பாறை, அதே கம்பெனி. ஆனா தொழிலாளர் விபத்து இன்சூரன்ஸுக்கு அங்க சம்பளத்துல நூத்துக்குப் பதினேழு கட்டணும். இங்க எவ்வளவு தெரியுமா? நாலு. காரணம் என்ன? ஒழுக்கம் மேடம், ஒழுக்கம். அங்க இருந்த ஜனங்க கவனமில்லாத ஜனங்க. கட்டுப்படியாகாம போன வருஷம் இழுத்து மூடியாச்சு.”

பாறைக்கு ஆறு தெரியுமாக்கும். ஆற்றுக்கு மேற்கே இருந்தால் ஆளின் தலையில் விழும், கிழக்கே இருந்தால் ‘கொஞ்சம் ஒதுங்கிக்கோப்பா’ என்று சொல்லிவிட்டு விழும்! இப்படி ஒரு கதையைச் சொல்லிவிட்டு அதற்குக் கேடயமும் வாங்கி மாட்டியிருக்கிறதே இந்த ஜென்மம் என்று நினைத்தாள் அண்ணி. நினைத்ததை முகத்தில் மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“அந்த நாலு இன்னும் எத்தனை நாளைக்கு?”

மேனேஜரின் பற்களில் பாதி உள்ளே போயிற்று. “மூணு வருஷத்துக்கு ஒருதடவை விபத்துக் கணக்கைப் பார்த்து ரேட்டை மாத்துவாங்க. அதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. மாத்த என்ன இருக்கு இங்க? ஏட்டுல நம்பிக்கையில்லன்னா விளக்கறைக்குப் போய்ப் பாருங்க மேடம். இருநூத்திப் பதினாலாம் நம்பர் விளக்கு முட்டுக்காரரோடது. இடத்துல இல்லன்னா ஆள் கீழ இருக்கான்னு அர்த்தம். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.”

தன் வலையைத் தானே விரித்துக் காட்டுகிற அளவுக்கு அந்த மனிதருக்குத் தன்மேல் நம்பிக்கை. அண்ணி எழுந்தாள். முட்டுக்காரரின் மனைவியைக் கேட்டுக்கு வெளியே நின்ற டாக்ஸியில் உட்காரச் சொல்லிவிட்டு விளக்கறைக்கு நடந்தாள்.

விளக்கறை நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க இரும்புத் தட்டுகள், தட்டுகளில் நம்பர் போட்ட குழிகள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் பித்தளை வில்லையைக் குழியில் மாட்டிவிட்டுத் தலைவிளக்கை எடுத்துக்கொள்வான். மேலே வந்ததும் விளக்கைக் குழியில் செருகிவிட்டு வில்லையை எடுத்துக்கொள்வான். செருகியவுடன் குழிக்கு மேலே ஒரு சின்ன பல்பு எரியும். சார்ஜ் ஏறுகிறவரைக்கும் சிவப்பு, முழுக்க ஏறிவிட்டால் பச்சை. இருநூற்றுப் பதினாலில் வில்லை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

விளக்கறைக்காரருக்கு வலது கையில் மூன்று விரல்தான். விளக்கு கொடுக்கிற ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“முட்டுக்காரரைப் பார்த்தீங்களா?” என்றாள் அண்ணி.

“எனக்குக் கண்ணு தெரியாது.”

“யார்கிட்டயாவது கேட்டிருப்பீங்களே?”

“காதும் கேக்காது.” அவர் துணியைப் பிழிந்தார். “மேற்குல பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். ரெண்டு விரல் அங்க போச்சு. அப்புறம் வேலையே போச்சு. இங்க வந்து எட்டு மாசம் ஆகுது. இதையும் விட்டுட்டு எங்க போறது நான்?”

“கண்ணு தெரியல, காது கேக்கல. வாய் மட்டும் நல்லா இருக்கு” என்றான் கொழுந்தன். “பெரிய பதவிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் இருக்கே அண்ணாச்சி உங்களுக்கு!”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இரண்டு மணிச் சங்கு ஊதிற்று. அடுத்த பத்து நிமிஷம் அறை திணறியது. கரி அப்பிய முகங்கள், கரி அப்பிய கைகள், ‘தள்ளுப்பா’, ‘என் காலை மிதிக்காதே’ என்று கரி அப்பாத குரல்கள். விளக்குகள் ஒவ்வொன்றாகக் குழியில் இறங்க இறங்கச் சுவர் முழுக்கச் சிவப்பு பரவியது. எட்டு மணி நேரம் இருட்டில் எரிந்த விளக்குகள். பச்சை வர ராத்திரியாகும் என்றார் விளக்கறைக்காரர். அண்ணி வந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கைப்பையில் போட்டோவாக இருந்த முட்டுக்காரர் அவற்றில் இல்லை.

கூட்டம் கலைந்தது. அப்போது பின்பக்கத்துச் சின்ன ஜன்னல் திறந்தது. இரண்டு கைகள் மட்டும் உள்ளே நீண்டன. கரி படாத, மடிப்புக் கலையாத சட்டைக் கைகள். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு விளக்குகளை மேடைமேல் வைத்தன. ஜன்னல் சாத்திக்கொண்டது. விளக்கறைக்காரர் வாயே திறக்காமல் ஏழையும் அதனதன் குழியில் செருகினார்.

ஏழும் பச்சை.

ஒரு சுவர் சிவப்புக்கு நடுவில் ஏழு பச்சைப் புள்ளிகள். அதில் ஒன்று இருநூற்றுப் பதினாலு.

கொழுந்தன் பின்பக்கம் பாயப் பார்த்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஆளு ஓடிடுவான் அண்ணி!”

“ஓடட்டும். இதைப் பாரு முதல்ல.” அவள் இருநூற்றுப் பதினாலைக் கையில் எடுத்தாள். கண்ணாடியில் ஒரு கீற்றுக் கரிகூட இல்லை. பட்டையில் வியர்வை ஈரம் இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள். அவள் புருவம் ஏறிற்று. கொழுந்தனிடம் நீட்டினாள். “மோந்து பாரு.”

“தைலம்! சுரங்கத்துக்குள்ள தைலம் எங்கிருந்து வந்துச்சு? நிலக்கரிக்குத் தலைவலியா?”

“இருட்டுல எட்டு மணி நேரம் வேலை பார்த்த ஆளோட விளக்கு ஏன் ஒரு பொட்டுகூடத் தீரல?”

“சிக்கனமான ஆளு போலிருக்கு. தடவித் தடவியே வேலை பார்த்திருப்பாரு.”

“ஏழு பேருமா?” அண்ணி விளக்கறைக்காரர் பக்கம் திரும்பினாள். “ஆளோட கையில இருந்துதானே விளக்கை வாங்கணும்? அதுதானே விதி?”

“இந்த ஏழுக்கு மட்டும் மேனேஜர் எழுத்துல உத்தரவு. காலையில தள்ளுவண்டியில போகும், ரெண்டு மணிக்குத் தள்ளுவண்டியில வரும்.” காது கேட்காதவர் கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கொழுந்தனுக்கு ஒன்று விளங்கவில்லை. “எப்படியும் பித்தலாட்டம்தான். ஆள் இறங்கலன்னா விளக்கை ஒரு பீரோவுல போட்டுப் பூட்டிட்டாப் போச்சு. எதுக்கு வேலை மெனக்கெட்டு வண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போறானுங்க?”

விளக்கறைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “பீரோவுலயா? என்ன பேச்சு பேசறே நீ? செத்தவன் விளக்கைத்தான்யா பீரோவுல வைப்போம்! உசுரோட இருக்கிறவன் விளக்கு அவன்கிட்டதான் இருக்கணும். எந்தப் படுபாவியும் அதை மட்டும் மாத்திச் செய்ய மாட்டான்.”

அண்ணி இருநூற்றுப் பதினாலை மறுபடி பார்த்தாள். சர்க்காரை ஏமாற்றலாம், இன்சூரன்ஸ்காரன் காதில் பூச் சுற்றலாம், கட்டின பெண்டாட்டியைத் தெருத்தெருவாக அலையவிடலாம். விளக்கை மட்டும் ஆளிடமிருந்து பிரிக்கக் கூடாது! இந்த நாணயத்தை என்னவென்று சொல்வது? ஆனால் அதில்தான் மாட்டிக்கொண்டார்கள். விளக்கு போகிற இடத்தில் ஆள் உயிரோடு இருக்கிறான். அது போதும்.

“நீ போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா” என்றாள் கொழுந்தனிடம். “வாட்ச்மேன் தடுத்தா?”

“அவன்கிட்டப் பேசியே தூங்க வெச்சுடறேன்.”

சுரங்கத்து முற்றம் முழுக்கக் கரித்தூள் ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. பின் ஜன்னலுக்குக் கீழிருந்து தள்ளுவண்டிச் சக்கரத்தின் தடம் கிளம்பியது. தினம் போய்த் தினம் வந்த தடம், அழுந்தியிருந்தது. அது சுரங்கவாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிடங்கைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வெள்ளையடித்த ஒரு கட்டடத்து வாசலில் போய் நின்றது. வாசலில் பெரிய எழுத்தில் பலகை: பாதுகாப்புப் பயிற்சிக் கூடம்.

“வெட்கங்கெட்டவங்க” என்றாள் அண்ணி வாய்விட்டே.

பூட்டை உடைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் கதவில் கை வைத்தாள். கதவு திறந்துகொண்டது. பூட்டும் இல்லை, தாழும் இல்லை, காவலும் இல்லை.

உள்ளே ஏழு கட்டில்கள். ஏழு கட்டிலிலும் ஏழு ஆண்கள், சுரங்கத்துச் சீருடையில், தலைமாட்டில் ஹெல்மெட்டோடு. ஒருவனுக்குக் கழுத்தில் பட்டை, ஒருவனுக்குக் கை துணித் தொட்டிலில், ஒருவனுக்குக் கண்ணில் கட்டு. எதிர்ச் சுவரில் ஒரு டிவி, ஹெல்மெட் எப்படிப் போடுவது என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டிலில் முட்டுக்காரர். அவர் காலடியில் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, தைலப் புட்டியைச் சாய்த்துத் துணியில் நனைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே தள்ளுவண்டி நின்றது.

அண்ணிக்கு ஆச்சரியம் வரவில்லை. விளக்கை மோந்தபோதே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தன்மேல்தான் கோபம். பூதக்கண்ணாடியாம், பூதக்கண்ணாடி! மூக்குக்கு நேராக வந்து நின்றதைத் தலைவலி என்று நம்பினாளே!

“தலைவலி இப்ப எப்படி இருக்கு?” என்றாள்.

டைம் ஆபீஸ் குமாஸ்தா திரும்பினார். அவளுக்குப் பின்னால் வாசலில் கொழுந்தனும், அவனுக்கு முன்னால் தன் தங்கையும் நிற்பதைப் பார்த்தார். புட்டி கை நழுவி விழுந்து உருண்டது.

“பாப்பா...”

அவள் அண்ணனைப் பார்க்கவே இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாள். புருஷனின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கொதித்தது. காலடிக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். முழங்காலுக்குக் கீழே மரத்துண்டு வைத்துக் கட்டிய கட்டு, கட்டுக்கு மேலே தோல் கறுத்துப் பளபளத்தது. தைல வாசனையையும் மீறி வேறொரு வாசனை எழுந்தது. கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கம்பெனி டாக்டர் தினம் வந்து மாத்திரை கொடுக்கிறார்” என்றார் குமாஸ்தா. “சுளுக்குன்னு...”

“சுளுக்கு! எந்தப் புண்ணியவான் படிச்சுச் சொன்னான்?” அண்ணியின் குரல் ஏறிற்று. “மூணு நாள் வேலைக்கு வரலைன்னாதான் அதுக்கு விபத்துன்னு பேரு. வந்துட்டா வெறும் காயம், காயத்துக்குக் கணக்கில்லை. அதனால கட்டில்ல படுக்கப்போட்டுச் சீருடையை மாட்டி, கையில விளக்கைக் கொடுத்து, வேலைக்கு வந்தான்னு எழுதறீங்க. அப்படித்தானே? இப்படித்தானே உங்க நாலு நாலாவே நிக்குது?”

“அவரைத் திட்டாதீங்கம்மா.” முட்டுக்காரர் கண்ணைத் திறந்திருந்தார். “என்னை யாரும் பிடிச்சு வைக்கல. நானாதான் படுத்திருக்கேன்.”

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்களாவா?”

“எல்லாரும் பேசித்தான் முடிவு பண்ணோம். கீழ வேலை பார்க்கிற ஆயிரம் பேருக்கும் தெரியும்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “மேற்குல என்ன ஆச்சு, தெரியுமா உங்களுக்கு? அங்க இருந்த மேனேஜர் நேர்மையான மனுஷன். நகம் பேந்தாலும் எழுதுவான். விரல் போனா மூணு மாசம் லீவு கொடுத்து, நஷ்டஈடு வாங்கிக் கொடுத்து, அதையும் எழுதுவான். அத்தனையையும் எவனோ இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஃபேனுக்கடியில உக்காந்து கூட்டிப் பார்த்து, இது ஆபத்தான சுரங்கம்னு பதினேழு போட்டான். எழுதாத எங்களுக்கு நாலு போட்டான். அறுநூறு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு. ஒன்பது நாள் பொறுத்தா இன்னும் மூணு வருஷத்துக்கு இங்க அடுப்பெரியும். ஒரு கால்தானேம்மா.”

“எவனோ இல்ல” என்றாள் அண்ணி. “நான்தான்.”

டிவியில் ஹெல்மெட் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. இரண்டு பட்டியல்கள். மேற்கில் பக்கம் பக்கமாக விபத்துகள், கிழக்கில் ஒரே ஒரு வெற்றுப் பக்கம். ஒரே பாறை எப்படி இரண்டு விதமாக விழும் என்று ஆபீசை விட்டு எழுந்து போய்ப் பார்க்க அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமா, மேற்கு கிழக்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று குறிப்பு வேறு எழுதினாள். மேனேஜருக்கென்று சேர்த்து வைத்திருந்த வெறுப்பில் பாதியை இப்போது அவள் தனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப உங்களுக்கும் நல்லதுதான். ஒன்பது நாள் வாயை மூடிக்குங்க. நீங்க போட்ட தப்பும் வெளிய வராது.”

“தப்பு வெளிய வரட்டும். நானே எழுதிக் கொடுக்கப் போறேன், ரெண்டு வட்டாரத்துக்கும் சேர்த்து. பதினேழும் பொய், நாலும் பொய்.” அண்ணி கட்டிலின் அருகில் குனிந்தாள். “ஆனா ஒன்பது நாள் பொறுத்தா கால் மட்டும் போகாது. ஆளே போயிடுவீங்க. அப்பவும் இவங்க உங்க கையில விளக்கைக் கொடுத்து ஆஜர் போடுவாங்க.”

முட்டுக்காரரின் மனைவி மற்ற ஆறு கட்டில்களையும் திரும்பிப் பார்த்தாள். “இவங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியுமா?”

கை தொட்டிலில் கிடந்தவன் தலையை ஆட்டினான். “தெரியும்க்கா. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.”

“எனக்கு மட்டும் ஏன் சொல்லல?”

குமாஸ்தா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும் பாப்பா.”

“நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கே” என்றாள் அவள். புருஷனின் தோளுக்கடியில் கை கொடுத்தாள். “தூக்குங்க அக்கா.”

அவர் வேண்டாம் வேண்டாம் என்று முனகினார். யார் கேட்டார்கள்? மூன்று பேருமாகத் தூக்கி, விளக்குகள் போய்வந்த தள்ளுவண்டியில் போர்வையை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். கொழுந்தன் கைப்பிடியைப் பிடிக்கப் போனான். அவள் தடுத்தாள்.

“நீங்க விடுங்க. அண்ணா, நீ தள்ளு. பத்தொன்பது நாள் தள்ளினே இல்ல? இன்னும் கொஞ்ச தூரம் தள்ளு.”

குமாஸ்தா அழுதுகொண்டே தள்ளினார். அண்ணிக்கு அந்த அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை. முன்பு அழுததும் நிஜ அழுகைதான் என்பதுதான் அவளுக்கு இன்னும் சகிக்கவில்லை.

முற்றத்தில் வேலை முடிந்தவர்களும் இறங்கப் போகிறவர்களுமாக இருநூறு முந்நூறு பேர். வண்டியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கேட்டுக்குப் போகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்து நின்றார்கள். கையை ஓங்கவில்லை, கத்தவில்லை, சும்மா நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பத்திரமான தூரத்தில் மேனேஜர். “மேடம், இது அத்துமீறல்! ஒன்பதே நாள் மேடம்! என்ன வேணுமோ பேசிக்கலாம்!”

“உங்க வாயை மூடிக்குங்க. பல்லுல கரி பட்டுடும்” என்றாள் அண்ணி, திரும்பாமலே.

முன்வரிசையில் நின்றவர் முட்டுக்காரருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். மதில் சுவர் ஒன்றுதான் நடுவில். முட்டுக்காரரின் மனைவி வண்டியை விட்டு அவர் எதிரே போய் நின்றாள்.

“அண்ணே, தினம் காலையில மதில்கிட்ட நின்னு உங்ககிட்டக் கேட்டேன். பார்த்தேனே, நல்லா இருக்காரேன்னு சொன்னீங்க. என் பொண்ணு கேட்டப்பவும் சொன்னீங்க. இப்பச் சொல்லுங்க. வண்டியில கிடக்கிறாரே, கிட்ட வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க. நல்லா இருக்காரா?”

அவர் வண்டியைப் பார்த்தார். போர்வை நழுவிக் கால் வெளியே தெரிந்தது. அவர் பார்வை அங்கே நிற்கமாட்டாமல் தரைக்குப் போயிற்று. ஓரடி விலகினார். அவர் விலகியதும் பக்கத்தில் நின்றவன் விலகினான். அதற்கு மேல் அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வண்டி போகிற அளவுக்கு வழி கிடைத்தது.

டாக்ஸியின் பின்சீட்டில் நீட்டிப் படுக்க வைத்து, அவர் தலையை மனைவி தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொழுந்தன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினான். முன்சீட்டில் அண்ணி பெரியாஸ்பத்திரிக்குப் போன் பேசி, கால் நசுங்கிய கேஸ், பத்தொன்பது நாள் பழசு, சர்ஜன் வாசலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு வைத்தாள்.

முட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“என்ன காரியம் பண்ணிட்டே நீ! ஆயிரம் குடும்பம். சுரங்கத்தை மூடினா ஒவ்வொரு வீட்டுலயும் உன்னைத்தான் சபிப்பாங்க. தலைமுறைக்கும் சபிப்பாங்க.”

அவள் முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

“சபிக்கட்டும். நீங்க உயிரோட இருந்து கேளுங்க.”